விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள்: ஒரு போர்ப் பதக்கத்தைக் கொண்டு துரையின் பணி வரலாற்றைத் தேடும் வழி

கன்டோன்மென்ட் வட்டாரத்தைப் பெங்களூரின் பழைய தமிழர்கள் தண்டு என்று சொல்வது வழக்கம். சிவாஜிநகரின் தண்டுமாரியம்மன் கோயில் அந்தச் சொல்லை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்குத் தப்பி 1809-இல் ஆங்கிலப் படை இங்கே வந்து இறங்கியபோது, அதன் பின்னாலேயே சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் சமையற்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் சலவைக்காரர்களும் பட்லர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வாழும் அல்சூர், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன் வீடுகளில் பரணைத் துடைக்கும்போது வெள்ளி வட்டு ஒன்று கையில் தட்டுப்படுவது அப்படியொன்றும் அதிசயமில்லை. முன்பக்கம் ராணியின் தலை, பின்பக்கம் ஏதோ ஒரு சிற்பம், மேலே நைந்துபோன ரிப்பன் என்று இருக்கும் அந்த வட்டு யாருடையது, அவர் எந்தச் சண்டைக்குப் போனார், அதற்கு முன்னும் பின்னும் என்னவாக இருந்தார் என்பவற்றை வீட்டிலிருந்தபடியே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள், தையல் ஊசிகளோடும் செல்லாத நாணயங்களோடும் கிடந்தது. அம்மாவின் பாட்டனார் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தவர். அந்தத் துரை திப்பு சுல்தான் சண்டையில் வாங்கிய பதக்கம் இது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை முதல் நாளிலேயே உடைந்துவிட்டது. எப்படி உடைந்தது என்பதைச் சொன்னால் முறையும் விளங்கிவிடும் என்பதால், அந்தப் பதக்கத்தையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். துரையின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

முதலில் ஒரு வேண்டுகோள். பதக்கத்தைத் துலக்காதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்கும் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியும். எங்கள் அத்தை ஒருவர் ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் இந்தப் பதக்கத்தையும் பல்பொடி போட்டுத் தேய்த்து, பூஜையில் வைத்து எடுத்திருக்கிறார். அதன் விளைவாக, விளிம்பில் வெட்டியிருந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண்ணின் முதல் இலக்கம் காணாமலே போய்விட்டது. ராணியின் மூக்கு மழுங்கினால் நஷ்டமில்லை. அந்த மூக்கு ஆயிரக்கணக்கான பதக்கங்களில் இருக்கிறது. விளிம்பில் இருக்கும் எழுத்து அந்த ஒரு பதக்கத்துக்கு மட்டுமே உரியது. கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். ரிப்பன் நைந்திருந்தாலும் கழற்றி எறியக் கூடாது, ஏனென்றால் எந்தப் பதக்கம் என்று சொல்லும் சாட்சிகளில் அதன் நிறமும் ஒன்று.

விளிம்பைப் படிக்கும் முறை

அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சைப் பதக்கத்துக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசை மட்டத்தில் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மறையும் எழுத்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தன் நிழலாலேயே எழுந்து நிற்கும். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வட்டை மெல்லச் சுழற்றியபடி ஒவ்வோர் எழுத்தையும், புள்ளி, காற்புள்ளி உட்பட, அப்படியே தாளில் வரைந்துகொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த பெயராக நினைத்துக்கொண்டு நிரப்பிவிடக் கூடாது. பிறகு நான்கைந்து புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் பதக்கத்தைத் திரும்பத் திரும்பக் கையிலெடுக்க வேண்டியிருக்காது.

எங்கள் பதக்கத்தின் விளிம்பில் சாய்ந்த கையெழுத்து நடையில் லெப்டினன்ட் என்பதன் சுருக்கம், இரண்டு தலைப்பெழுத்துகள், குடும்பப் பெயர், அதன் பிறகு தேய்ந்த ஓரிடம், அதையடுத்து 2 என்ற இலக்கம், மதராஸ் இன்ஃபன்ட்ரி, அதாவது மதராஸ் காலாட்படை, என்பதன் சுருக்கம் ஆகியவை இருந்தன. 2ஆம் ரெஜிமென்டா, 12ஆம் ரெஜிமென்டா, 22-ஆ, 32-ஆ என்று இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள்தான் இலக்கத்துக்குப் பின்னால் பொடியாக இருந்த விகுதியைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் 2, 22, 32 ஆகியவற்றின் பின்னால் வரும் விகுதி ஒன்று, 12-இன் பின்னால் வரும் விகுதி வேறு. இருந்தது பன்னிரண்டுக்குரிய விகுதி. அத்தை தேய்த்த இலக்கத்தை விகுதி காட்டிக்கொடுத்துவிட்டது.

விளிம்பில் வரும் சுருக்கங்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. என்.ஐ. என்றிருந்தால் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. 1885-இல் ரெஜிமென்ட் பெயர்களிலிருந்து நேட்டிவ் என்ற சொல் எடுக்கப்பட்டதால், அந்த எழுத்துகள் இருந்தாலே பதக்கம் பெரும்பாலும் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். எம்.எஸ்.சி. என்றிருந்தால் மதராஸ் ஸ்டாஃப் கோர். 1861-இல் வங்காளம், மதராஸ், பம்பாய் என்ற மூன்று மாகாணப் படைகளுக்கும் தனித்தனியே ஏற்படுத்தப்பட்ட இந்த அமைப்பு, அதிகாரிகளின் பெயர் தங்கியிருந்த ஒரு பொதுப் பட்டியல்தான். அது சண்டைக்குப் போகும் படைப்பிரிவு அல்ல. அங்கிருந்து ஒருவர் ரெஜிமென்டுக்கும் போகலாம், தளவாட இலாகாவுக்கும் போகலாம், சர்வேக்கும் போகலாம், சிவில் உத்தியோகத்துக்கும் போகலாம். 1891-இல் மூன்றும் ஒன்றாகி இந்தியன் ஸ்டாஃப் கோர் ஆனபின் ஐ.எஸ்.சி. என்று வரும். சுபேதார், ஜமேதார் என்று இருந்தால் அவர் நம்மவர், அதாவது இந்திய அதிகாரி. அவரைத் தேடும் பாதை கொஞ்சம் வேறு என்றாலும், படை அதிகாரிகளின் அச்சுப் பட்டியலான ஆர்மி லிஸ்ட் அவர்களுடைய பெயர்களையும் அச்சிட்டிருக்கிறது. விக்டோரியா காலத்துப் பதக்கத்தில் பெயருக்கு முன்னால் எண் இருந்தால் அவர் அதிகாரி அல்ல, சிப்பாய். முதல் உலகப் போர்ப் பதக்கங்களுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது: அதிகாரிகளுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் பொதுவாகப் பதவியும் பெயரும் மட்டுமே இருக்கும், ரெஜிமென்ட் இராது.

எழுத்தைப் படித்து முடித்த கையோடு ஒரு வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை மூன்று நான்கு திசைகளில் அளந்து பாருங்கள். விக்டோரியா காலத்து இந்தியப் பதக்கங்கள் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் இருக்கும். பழைய பெயரை அரத்தால் அராவி எடுத்துவிட்டுப் புதிய பெயரை வெட்டியிருந்தால், அராவிய இடத்தில் விட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்திருக்கும். காலிப்பருக்கு அது தெரியும். வார்ப்பில் எடுத்த நகலாக இருந்தால் ராணியின் தலைமுடி இழைகள் குழைந்து, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்து விற்கும் பதக்கங்களை வாங்குமுன் இந்தச் சோதனைகளைச் செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

எந்தப் பதக்கம், எந்தச் சண்டை

போர்ப் பதக்கம் வீரத்துக்காகக் கொடுக்கப்பட்டது அல்ல. குறிப்பிட்ட நாளுக்கும் குறிப்பிட்ட நாளுக்கும் இடையில், குறிப்பிட்ட எல்லைக்குள் ஒருவர் கடமையில் இருந்தார் என்பதற்கான அடையாளம் அது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு போலத்தான். இதை மறந்துவிட்டுப் பதக்கத்தைப் பார்த்ததும் வாளும் குதிரையுமாகக் கற்பனை செய்வதுதான் குடும்பக் கதைகளின் முதல் சறுக்கல்.

ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை அடக்கும் காட்சி ஒரு பக்கமும், கோட்டை மதிலின் உடைப்பில் படை ஏறும் காட்சி மறுபக்கமும் இருக்கும். அளவில் பெரியது, 48 மில்லிமீட்டர் இருக்கும். பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். பதவிக்கேற்பத் தங்கம் முதல் வெள்ளீயம் வரை அடித்தார்கள். எங்கள் பதக்கத்தில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. அமர்ந்திருக்கும் வீரன் ஒருவனுக்கு வெற்றித் தேவதை முடிசூட்டும் காட்சிதான் இருந்தது. திப்பு கதை அங்கேயே முடிந்தது. அந்தச் சிற்பம் 1854-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்துக்கு உரியது. சிவப்பு ரிப்பனில் இரண்டு நீலப் பட்டைகள் அதை உறுதிப்படுத்தின.

ரிப்பன் நிறம் மங்கியிருந்தாலும் முடிச்சுக்குள் மறைந்த பகுதியில் பழைய நிறம் தப்பித்திருக்கும். 1857-58 கலகப் பதக்கத்துக்கு வெள்ளையில் இரண்டு சிவப்புப் பட்டைகள். 1878-80 ஆப்கானிஸ்தான் பதக்கத்துக்குப் பச்சையும் ஓரங்களில் சிவப்பும், பின்பக்கத்தில் பீரங்கி சுமக்கும் யானையும். 1895-இன் இந்தியா பதக்கத்துக்குச் சிவப்பில் இரண்டு பச்சைப் பட்டைகள். 1908-இன் பொதுச் சேவைப் பதக்கத்துக்குப் பச்சையின் நடுவே நீலப் பட்டை, பின்பக்கத்தில் கைபர் கணவாயின் ஜம்ரூத் கோட்டை. இவை தெரிந்தால் சந்தையில் காணும் பெரும்பான்மையான பதக்கங்களை அடையாளம் காணலாம்.

1854-இன் பதக்கம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு புழக்கத்தில் இருந்ததால், பதக்கத்தை மட்டும் பார்த்துச் சண்டையைச் சொல்ல முடியாது. ரிப்பனுக்குக் குறுக்கே இருக்கும் வெள்ளிப் பட்டைதான் சொல்லும். சேகரிப்பாளர்கள் அதைக் கிளாஸ்ப் என்பார்கள். பெகு, பெர்சியா, லூஷாய், பெராக், நாகா என்று நீளும் அந்த வரிசையில் எங்களுடையது பர்மா 1885-7. 1885 நவம்பர் 14 முதல் 1887 ஏப்ரல் 30 வரை பர்மாவில் பணியாற்றியவர்களுக்கு அது உரியது. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஜெனரல் பிரெண்டர்காஸ்ட் தலைமையில் ஐராவதி ஆற்றில் ஏறிச் சென்ற படைக்குப் பர்மா மன்னர் தீபா சரணடைந்தது அதே நவம்பர் மாதக் கடைசியில். முறையான போர் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் பட்டையின் காலக்கெடு ஒன்றரை ஆண்டு. மீதி மாதங்களெல்லாம் காட்டில் கிளர்ச்சிக் கூட்டங்களைத் துரத்துவதும், காய்ச்சலில் படுப்பதும், மூங்கில் வேலிக் காவல் நிலையங்களில் மழையை எண்ணிக்கொண்டிருப்பதுமாகத்தான் கழிந்தன. ஆகவே பர்மா 1885-7 என்று பட்டை இருப்பதால் துரை மாண்டலே அரண்மனை வாசலில் நின்றார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் எப்போது கப்பலேறினார் என்பதை வேறிடத்தில்தான் பார்க்க வேண்டும்.

பட்டையின் நாள்களைச் சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெங்களூரே ஒரு நல்ல உதாரணம் தருகிறது. வின்ஸ்டன் சர்ச்சில் 4ஆம் ஹுசார்ஸ் குதிரைப்படையின் இளம் அதிகாரியாக 1896 அக்டோபரில் இந்தத் தண்டுக்கு வந்தவர். 1897-இல் வடமேற்கு எல்லையிலுள்ள மலாக்கண்டில் கலவரம் மூண்டதும், விடுப்பு வாங்கிக்கொண்டு, பத்திரிகை நிருபராக ஈராயிரம் மைலுக்கு மேல் ரயிலில் போய் மலாக்கண்ட் படையோடு சேர்ந்துகொண்டார்; பிறகு 31ஆம் பஞ்சாப் காலாட்படையோடு இணைக்கப்பட்டார். இந்தியா பதக்கத்தில் மலாக்கண்ட் 1897 என்றே ஒரு பட்டை உண்டு. சர்ச்சிலிடம் அது இல்லை. பஞ்சாப் ஃப்ரான்டியர் 1897-98 என்ற பட்டைதான் இருந்தது. காரணம் எளியது. முதல் பட்டை ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 2 வரை மலாக்கண்டைக் காத்தவர்களுக்கும் மீட்டவர்களுக்கும் உரியது. அவர் போய்ச் சேர்ந்ததோ செப்டம்பரில். இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது: 4ஆம் ஹுசார்ஸ் அந்தச் சண்டைக்குப் போகவில்லை, பெங்களூரிலேயே இருந்தது. ரெஜிமென்டின் வரலாற்றை மட்டும் புரட்டுபவர் அந்த ஆண்டில் சண்டையே காணமாட்டார். விளிம்பில் உள்ள ரெஜிமென்ட் ஒருவருடைய சொந்த ரெஜிமென்ட். அவர் சண்டையிட்டது இன்னொன்றோடு இருக்கலாம்.

பதக்கப் பட்டியல்

பதக்கம் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு படைப்பிரிவும் தகுதியுள்ளவர்களின் பெயரை எழுதி அனுப்பியது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், கையில் இருக்கும் பதக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியதுதான். பிரிட்டிஷ் ரெஜிமென்ட் அதிகாரி என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 100 வரிசையிலும், கம்பெனிப் படை, இந்தியப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் எல்/மில்/5 வரிசையிலும் முதலில் பாருங்கள். இந்தக் குறியீடுகளை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். டபிள்யூ.ஓ. 100 ஆன்சஸ்ட்ரி தளத்தில் இருக்கிறது. இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ஒரு பெரும் பகுதி ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் சந்தா உண்டு. எனவே விளிம்பு, பட்டை, ஆர்மி லிஸ்ட் மூன்றையும் முடித்துவிட்டு, கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, அந்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதே சிக்கனம். பெயர் தேடலுக்கு ஃபிபிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கத் தளம் இலவசமாகவே உதவும்.

பட்டியலில் பெயரைக் கண்டதும் மகிழ்ந்துபோய் மூடிவிடாமல், கடைசியில் இருக்கும் குறிப்புகளுக்கான கட்டத்தைப் படியுங்கள். தாயகம் திரும்பினார், இறந்தார், வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்று அதில் எழுதியிருக்கும். என் துரையின் பெயருக்கு எதிரே தளவாடப் போக்குவரத்து என்று கிறுக்கியிருந்தது. காளை வண்டி, கோவேறு கழுதை, அரிசி மூட்டை ஆகியவற்றை ஆற்றங்கரையிலிருந்து காவல் நிலையங்களுக்குக் கொண்டுசேர்ப்பது அந்த வேலை. வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கோ அப்போதுதான் அவர் நிஜமான மனிதராகத் தோன்றினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மா 1885-7 பட்டையிலிருந்து, படையோடு சென்ற கூலிகள், சமையற்காரர்கள், டோலி தூக்கிகள், தண்ணீர் சுமப்பவர்கள் ஆகியோருக்கு இதே பதக்கத்தை வெண்கலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். தண்டுக் குடும்பங்களில் வெள்ளியைவிட வெண்கலம் கிடைத்தால்தான் அது நம் முன்னோரின் சொந்தப் பதக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். செப்புக்காசு என்று நினைத்துப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பணி வாழ்வைக் கோப்பது

பதக்கம் ஒருவருடைய முப்பது ஆண்டுப் பணியில் ஓரிரண்டு ஆண்டுகளைத்தான் காட்டுகிறது. மீதியைக் கட்டியெழுப்புவது ஆர்மி லிஸ்ட். ஹார்ட் என்ற அதிகாரி 1839 முதல் வெளியிடத் தொடங்கிய பட்டியலில் ஒவ்வொருவரும் எந்த நாளில் எந்தப் பதவிக்கு வந்தார் என்பதோடு, பக்கத்தின் அடிக்குறிப்பில் அவர் பங்குகொண்ட போர்களும் இருக்கும். இந்திய அரசும் மாகாண அரசுகளும் தனியே வெளியிட்ட பட்டியல்களும் உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இவற்றின் பல தொகுதிகள் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரே ஒரு ஆண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், மூன்று ஆண்டுக்கு ஒன்று வீதம் எடுத்து, ஒரு நோட்டுப்புத்தகத்தில் இடதுபக்கம் ஆண்டும், நடுவில் பதவியும், வலதுபக்கம் ரெஜிமென்டும் ஊரும் எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த ஆண்டில் பெயர் முதன்முதலாகத் தோன்றுகிறது, எந்த ஆண்டில் ஓய்வூதியக்காரர் பட்டியலுக்கு மாறுகிறது என்ற இரண்டு முனைகளும் அகப்பட்டுவிட்டால் நடுப்பகுதி தானாக நிரம்பும். 1834-க்கு முந்திய கம்பெனி அதிகாரி என்றால் டாட்வெல், மைல்ஸ் இருவரும் தொகுத்த அகரவரிசைப் பட்டியல் இந்த வேலையை ஒரே வரியில் முடித்துக்கொடுத்துவிடும்.

பதவிப் பெயர்களும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். காலாட்படையின் கடைநிலை அதிகாரி 1871 வரை என்சைன், குதிரைப்படையில் கார்னெட். பிறகு சிறிது காலம் சப்-லெப்டினன்ட், 1877 முதல் செகண்ட் லெப்டினன்ட். ராணியின் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்களில் 1871 வரை காலாட்படை, குதிரைப்படைப் பதவிகளை விலைக்கு வாங்கலாம். கம்பெனிப் படையில் அது கிடையாது. முன்னால் இருப்பவர் சாகவோ ஓய்வு பெறவோ காத்திருக்க வேண்டியதுதான். ஸ்டாஃப் கோரில் ஆரம்பகால விதிப்படி 12 ஆண்டில் கேப்டன், 20 ஆண்டில் மேஜர், 26 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். பிற்பாடு இந்தக் கெடு குறைக்கப்பட்டது. இந்தக் கணக்கைக் கொண்டு பின்னோக்கி நடக்கலாம். பர்மாவில் 1886-இல் ஒருவர் லெப்டினன்ட் என்றால் அவர் பணிக்கு வந்தது 1870-களின் நடுவுக்கு முன்னால் இருக்க வாய்ப்புக் குறைவு. நான் 1874 தொகுதியிலிருந்து முன்னோக்கித் தேடி 1878-இல் அவரைப் பிடித்தேன். பிரெவெட் மேஜர் என்று கண்டால் அது ராணுவத்தில் மேஜர், ரெஜிமென்டில் இன்னும் கேப்டன் என்ற அரைப் பதவி; இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நியமனமும் பதவி உயர்வும் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அச்சாகும். அதன் தளம் இலவசம். சர்ச்சில் செகண்ட் லெப்டினன்டாக நியமனமானது 1895 பிப்ரவரி 20 என்பதை அங்கே ஒரு நொடியில் பார்க்கலாம். இந்தியாவில் பணியாற்றியவர்களின் பதவி உயர்வு, ராணியின் ஒப்புதலுக்காகக் கப்பலேறிப் போய்த் திரும்பியதால், உயர்வு நடைமுறைக்கு வந்த நாளுக்கும் கெஜட்டில் அச்சான நாளுக்கும் இடையில் பல மாதங்கள் இருக்கும். நோட்டுப்புத்தகத்தில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். தந்தையும் மகனும் ஒரே பெயரில் ஒரே மாகாணப் படையில் இருப்பதும் உண்டு. தலைப்பெழுத்து ஒன்றானாலும் நியமன நாள் ஒன்றாக இராது.

மதராஸ் ரெஜிமென்ட்களைத் தேடும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் 1903. மூன்று மாகாணப் படைகளையும் ஒன்றாக்கித் தலைமைத் தளபதி கிச்னர் எண்களை மாற்றியபோது, மதராஸ் காலாட்படையின் பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். 3ஆம் ரெஜிமென்ட் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 23ஆம் ரெஜிமென்ட் 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. இந்த ஊர்ப் பெயர்களை அந்தப் பட்டியலில் பார்க்கும்போது நமக்கு ஒரு திடுக்கிடல் வரத்தான் செய்கிறது. ஆனால் பெயர் எப்போதும் இப்படி விசுவாசமாக இருக்காது. என் துரையின் 12ஆம் மதராஸ் ரெஜிமென்ட் 72ஆம் பஞ்சாபிஸ் ஆகிவிட்டது! மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர் பஞ்சாபிஸ் அதிகாரியாக ஓய்வு பெறுவதைப் பார்த்து, இது வேறு ஆள் என்று ஒதுக்கிவிட்டு ஆறு மாதத்தை வீணாக்கினேன். 1922-இல் எண்களும் பெயர்களும் மறுபடியும் மாறின என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறப்பும் குடும்பமும் வேண்டுமென்றால், 1860 வரையிலான கம்பெனிக் கேடட்களின் விண்ணப்பங்கள் அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் எல்/மில்/9 வரிசையில் இருக்கின்றன. ஞானஸ்நானச் சான்றும், சிபாரிசு செய்தவர் பெயரும் அதிலேயே சேர்த்துத் தைத்திருக்கும். மதராஸ் படை அதிகாரிகளின் பணிப் பட்டியல் எல்/மில்/11. வங்காளத்துக்கு 10, பம்பாய்க்கு 12.

பெங்களூரிலேயே பார்க்கக்கூடியவை

பெங்களூர்த் தேவாலயங்கள் சென்னை மாகாணத்துப் பாதிரிமாரின் ஆளுகைக்குள் இருந்ததால், இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் சென்னை வழியாக லண்டனுக்குப் போயின. இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவை என்/2 வரிசை. அவற்றின் அட்டவணையை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். மகாத்மா காந்தி சாலையின் கிழக்குக் கோடியில் உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயம் படையினருக்காகக் கட்டப்பட்டது. அதன் உட்சுவர்களில் பதித்த பளிங்குப் பலகைகளில் ரெஜிமென்ட், சண்டை, இறந்த ஊர் எல்லாம் இருக்கும். வழிபாடு இல்லாத நாளில், முன்கூட்டி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். அகரம், கல்பள்ளி, ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டங்களில் தேடப் போவதென்றால் காலை எட்டு மணிக்கு முன்னால் போவது நல்லது. விளிம்புக்குச் சொன்ன அதே தந்திரம் கல்லுக்கும் பொருந்தும்: சாய்ந்து விழும் இளவெயிலில் தேய்ந்த எழுத்து எழுந்து நிற்கும், உச்சிவெயிலில் படுத்துவிடும். கல்லின்மேல் சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்க முயலாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீர் தெளித்தால் போதும்.

இந்தியாவில் இறந்த அதிகாரியாக இருந்தால் இன்னொரு பொக்கிஷம் உண்டு. எல்/ஏஜி/34 வரிசையில் உயில்களும், இறந்தவர்களின் உடைமைப் பட்டியல்களும் இருக்கின்றன. நாற்காலி, சேணம், ஒயின் போத்தல், கிழிந்த கூடாரம் என்று ஒவ்வொன்றும், சில நேரம் ஏலத்தில் எடுத்தவர் பெயரோடும் விலையோடும். ஒரு துரையின் பொருள் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு, அன்பளிப்பு என்ற ஒரே பதிலைத்தான் குடும்பங்கள் சொல்லும். ஏலம் என்ற பதிலும் உண்டு. என் துரை இங்கே இறக்கவில்லை, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றுக் கப்பலேறிவிட்டார். அப்படிப் போனவர்களுக்கு இங்கிலாந்தின் உயில் அட்டவணையைப் பார்க்க வேண்டும். 1858 முதல் ஆண்டுவாரியாக அச்சாகியிருக்கிறது.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் ராணுவ இலாகா நடவடிக்கைகள் இருக்கின்றன. ஆனால் நாள், ரெஜிமென்ட், விவகாரம் மூன்றும் தெரிந்த பிறகு போனால்தான் பயன் உண்டு; வெறும் பெயரோடு போனால் கட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டெல்லிக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் முன்கூட்டித் தேடிவிட்டுப் போங்கள்.

கடைசியாகச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. விளிம்புப் படத்தைப் பார்த்த வெளிநாட்டு வியாபாரிகள் நல்ல விலை சொல்லிப் பதக்கத்தைக் கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள, நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப முடியாது. அதிகாரியின் வாரிசுகளே கேட்டு எழுதினாலும் படங்களையும் நோட்டுப்புத்தகத்தின் நகலையும் அனுப்புங்கள். எங்கள் பதக்கத்தை அமிலமில்லாத தாளில் சுற்றி, அத்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு நோட்டுப்புத்தகம் மட்டும் போகிறது.